கேட்டதற்கு மட்டும்

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்த சமயத்தில், பிள்ளை வீட்டார் எங்களைப் பற்றி விசாரிக்க வந்து நேராக மேல்வீட்டு மாமாவின் கதவைத் தட்டினார்கள். தில்லியில் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பதென்றால் அதே குவார்ட்டர்ஸில் இருக்கிற இன்னொரு தமிழரைத்தான் கேட்பார்கள். "பொண்ணு எப்படிங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதுவரைக்கும் புகார் எதுவும் வரவில்லை" என்றாராம்.

கல்யாணம் முறிந்து போகாமல் காப்பாற்றியது அவர் மனைவிதான். அத்தை காப்பித் தட்டோடு ஓடி வந்து, "தங்கமான பொண்ணுங்க. இவரு எதையுமே ஃபைல்ல எழுதற மாதிரிதான் பேசுவாரு, நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க" என்று சமாளித்திருக்கிறாள். விஷயம் தெரிந்து அம்மா தடதடவென்று மாடி ஏறினாள்.

"ஏன் அண்ணாச்சி, நல்ல பிள்ளைன்னு ஒரு வார்த்த சொன்னா வாயி வெந்தா போவும்?"

"எப்படின்னு கேட்டாங்க. என்கிட்ட இருக்கிற தகவலைச் சொன்னேன்" என்றார் மாமா. தப்புச் செய்துவிட்டோம் என்ற நினைப்பே அவர் முகத்தில் இல்லை.

கோல் மார்க்கெட்டை ஒட்டிய பழைய குவார்ட்டர்ஸ் அது. கீழே நாங்கள், மேலே அவர்கள். அப்பா இறந்தபின் கருணை அடிப்படையில் அம்மாவுக்கு ஓர் அமைச்சகத்தில் தபால் அனுப்பும் பிரிவில் வேலை கிடைத்தது. அதனால் அந்த வீடும் எங்களிடமே நின்றது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், அவர்கள் வேலூர்ப் பக்கம். அம்மா அவரை அண்ணாச்சி என்பாள். எனக்கும் அக்காவுக்கும் மாமா. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. கேட்காத தகவலைத் தருவது அவருக்குப் பிடிக்காத காரியம்.

வேறோர் அமைச்சகத்தில் அவர் பார்லிமென்ட் செக்ஷனில் இருந்தார். எம்.பி.க்கள் கேள்வி அனுப்புவார்கள். கேள்வி சம்பந்தப்பட்ட இடத்துக்குப் போகும். அங்கிருந்து விவரம் வரும். அதை வைத்து மாமா பதில் எழுதிப் பெரியவர்களின் மேஜைக்கு அனுப்புவார். கடைசியில் மந்திரி எழுந்து நின்று அதைப் படிப்பார். 'இல்லை, ஐயா' என்பது முதல் வரி. 'எனவே அடுத்த கேள்வி எழவில்லை' என்பது இரண்டாம் வரி. இந்த இரண்டு வரியில் முடிகிற பதில்தான் நல்ல பதில் என்பது மாமாவின் கட்சி. "நீட்டி எழுதினா அதுல இருந்தே நாலு கேள்வி முளைக்கும்" என்பார்.

ஆபீசில் அப்படி இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டிலும் வீதியிலும் மனிதர் அப்படியே இருந்ததுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் ஜூன் மாத வெயிலில் அம்மா பஸ் ஸ்டாப்புக்கு ஓடும்போது எதிரே மாமா நடந்து வந்திருக்கிறார். "அண்ணாச்சி, செக்ரடேரியட் பஸ் போயிட்டா?" என்று கேட்டாள். "இல்லை, போகவில்லை" என்று சொல்லிவிட்டு அவர் தன் வழியே போய்விட்டார். அம்மா நின்றாள், நின்றாள், தலை சுற்றும் வரை நின்றாள். அன்றைக்கு பஸ் டிரைவர்கள் ஸ்டிரைக். மாமாவுக்குக் காலையிலேயே தெரியும். அதனால்தான் அவரே நடந்து போய்க்கொண்டிருந்தார்.

"வருமான்னு நீங்க கேக்கலையேம்மா" என்றார் சாயங்காலம்.

அம்மா இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தபோது ஒரு வித்தை கற்றுக்கொண்டிருந்தாள். "அவருகிட்ட கேள்வி கேக்கதுக்கு முன்னால நல்லா வேலி அடைக்கணும்ட்டி. ஒரு ஆடு நுழையுத சந்து இருந்தாலும் மனுசன் அது வழியா வெளிய போயிருவாரு" என்பாள். காஸ் சிலிண்டர் வந்ததா, வரவில்லையென்றால் ஏன், நாளைக்கு வருமா, வரும் என்று யார் சொன்னது என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்பாள். அவரும் வரிசையாகப் பதில் சொல்வார். பொய் மட்டும் சொல்லவே மாட்டார். அதனால்தான் அவரைத் திட்டவும் முடியாது, நம்பவும் முடியாது. எனக்கு அவர்மேல் பிரியம் உண்டு. ஆனால் அவரோடு பேசிவிட்டு வந்தால் எதையோ கேட்காமல் விட்டுவிட்டோம் என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கும்.

பார்லிமென்ட் நடக்கும் நாட்களில் மேல்வீட்டில் ஒத்திகை நடக்கும். அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டு எதிர்க்கட்சியாக உட்கார்ந்திருப்பாள். மாமா கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டு, "ம், கேளு" என்பார். ஜன்னல் வழியாக எங்களுக்கு எல்லாம் கேட்கும்.

"இவ்வளவு செலவு பண்ணியும் அந்த ஊருக்கு ஏன் கரன்ட் போகல?"

மாமா பதில் சொல்வார்.

"பொய்யி."

"மெம்பர் அப்படிச் சொல்ல மாட்டாரு."

"நான் சொல்லுவேன்."

பதிலைப் படித்தபின் உறுப்பினர்கள் துணைக் கேள்வி கேட்பார்கள் அல்லவா? அதற்காக மந்திரியின் கையில் தனியாக ஒரு கட்டுக் குறிப்பு கொடுத்தனுப்புவார்கள். இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்லவும், அப்படிக் கேட்டால் அப்படிச் சொல்லவும் என்று. யாரும் கேட்காமல் அந்தக் கட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டால் அன்று மாமா ஜிலேபி வாங்கி வருவார். ஜிலேபியைத் தின்றுகொண்டே நான் நினைப்பேன், உலகத்தில் யாரும் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் இந்த மனிதரின் தலைக்குள் பதில் இருக்கிறது என்று. நான் மட்டும் இல்லை, காலனி முழுக்க அப்படித்தான் நினைத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், வெயில் ஏறத் தொடங்கிய சமயம், பேப்பரின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. தில்லியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடக்கூடிய தூரத்தில் உள்ள ஓர் அணு உலையில் தீ. அணைத்தாகிவிட்டது. அச்சப்பட ஒன்றுமில்லை. அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகுதான் எங்களுக்குப் பயமே வந்தது. அக்காவின் புருஷன் அந்த உலையில்தான் டெக்னீஷியன். அக்கா அங்கேயே காலனியில் இருந்தாள். வயிற்றில் ஐந்து மாதம்.

தில்லிக்காரர்களுக்கு வேறு கவலை. யமுனைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் பாலக்கீரையில் விஷம் இருக்கிறது என்றார்கள். மழை பெய்தால் நனையக் கூடாது என்றார்கள். புல் வழியாக மாட்டுப் பாலிலும் விஷம் இறங்கும் என்றார்கள். கதிர்வீச்சுக்கு அயோடின்தான் மருந்து என்று யாரோ சொல்ல, மருந்துக் கடையில் டிங்சர் அயோடின் தீர்ந்துபோனது. அதைக் குடிக்கலாமா, கழுத்தில் தடவ வேண்டுமா என்று யாருக்கும் தெரியாது. தள்ளுவண்டிக்காரன் கத்திரிக்காயைத் தூக்கிக் காட்டி, "பஹன்ஜி, சப் நஜஃப்கட் கா மால்," எல்லாமே நஜஃப்கட் சரக்குதான் என்று சத்தியம் செய்தான். நஜஃப்கட் மேற்கே இருக்கிறது, உலை கிழக்கே. தில்லிக்கு வருகிற அத்தனை காய்கறியும் ஒரே வாரத்தில் மேற்கே விளைய ஆரம்பித்துவிட்டது.

எல்லோரும் மாமாவைப் பிடித்துக்கொண்டார்கள். மின்சாரம், அணு என்று வருகிற கேள்விகள் அவர் மேஜையைத் தாண்டித்தான் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்து கேட்டால் என்ன வரும் என்றும் தெரியும். அதனால் அவரை வேவு பார்த்தார்கள். காலையில் பால் பூத்தில் மாமா வரிசையில் நின்றால் பின்னால் நிற்பவர்கள் கழுத்தை நீட்டினார்கள். அவர் வழக்கம் போல இரண்டு பாக்கெட் வாங்கினார். "டெபுடி சாஹப் நே லியா," டெபுடி சாஹப் வாங்கிவிட்டார் என்று வரிசை முழுக்கச் சேதி போனது. அவர் டெபுடி எல்லாம் இல்லை, செக்ஷன் ஆபீசர்தான். பயத்தில் ஜனங்கள் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். அவர் வாங்கினார் என்று எல்லோரும் வாங்கினார்கள். நாங்களும் வாங்கினோம்.

பார்லிமென்டில் கேள்வி வந்தது. பதிலும் வந்தது. உலையிலிருந்து கதிர்வீச்சு வெளியேறியதா? இல்லை, ஐயா. மக்களுக்குப் பாதிப்பு உண்டா? எழவில்லை. ரேடியோவில் சொன்னார்கள். குவார்ட்டர்ஸில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். மாமா அன்று ஜிலேபி வாங்கி வரவில்லை. அதை நான்தான் கவனித்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "கடையில தீந்திருக்கும்" என்றாள்.

எங்களுக்கு போன் கிடையாது. அக்கா பேசுவதென்றால் மேல்வீட்டு நம்பருக்குத்தான் பேசுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பேசினாள். மாமா பக்கத்து நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

எல்லோரும் சௌக்கியம் என்றாள் அக்கா. தீ, கீ ஒன்றுமில்லை, கரன்ட் மட்டும் ரொம்ப நேரம் இல்லை என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். அத்தான் இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, போட்டுக்கொண்டு போன சட்டையும் செருப்பும் இல்லையாம். பிளான்டில் கொடுத்த வேறு துணியும், காலுக்குச் சேராத ரப்பர் செருப்புமாக வந்தாராம். "புதுச் செருப்பும்மா, தீபாவளிக்கு நீ வாங்கித் தந்தது. திருப்பித் தர மாட்டாங்களாம்."

அம்மா போனை வைத்தாள். "செருப்ப எதுக்கு வாங்கி வச்சுக்கிடுதான்?" என்று பொதுவாகக் கேட்டாள். பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. அத்தை அம்மாவின் கையைப் பிடித்து அடுக்களைக்குக் கூட்டிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள். உள்ளே பால் பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"தினமும் வாங்கிட்டு வர்றாரு. தொடாதேங்கறாரு. ஏன்னு கேட்டா, தொடாதேங்கறாரு. கடுங்காப்பிதான் குடிக்கறோம்" என்றாள் அத்தை மெதுவாக.

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பாக்கெட்டுகளை எடுத்து அவர் முகத்தில் அடிக்கலாம் போலிருந்தது. அவரைப் பார்த்துத்தானே காலனியே குழந்தைகளுக்குப் பால் கொடுத்தது. அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அன்று முழுக்க அவள் எதிலும் நிலைகொள்ளவில்லை. உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்தாள். வாசலுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள்.

மறுநாள் காலையில் மாமா டிபன் பாக்ஸோடு படியிறங்கும்போது அம்மா கீழ்ப்படியில் நின்றுகொண்டாள். வேலி அடைக்க ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, அங்கன தீப்பிடிச்சுதா?"

"பிடிச்சுது. அணைச்சாச்சு."

"பெரிய தீயா?"

"கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது."

"வெளிய ஏதும் வந்துதா?"

"அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இல்லை."

"அப்பம் எதுக்குப் பாலத் தொடாதேங்கியோ?"

மாமா டிபன் பாக்ஸைக் கை மாற்றினார்.

"எம்பிள்ள அங்கன இருக்கா. மாசமா இருக்கா. நான் போயி அவளக் கூட்டிட்டு வரணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

படியில் ஏதோ ஒரு வீட்டுக் குழந்தை இறங்கிப் போயிற்று. மாமா சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார்.

"தெரியாதும்மா."

"சொல்லக் கூடாதா, தெரியாதா?"

"தெரியாது." அந்தக் குரல் அவருடையது போலவே இல்லை. "அவங்க என்ன எழுதி அனுப்பினாங்களோ அதை நான் எழுதினேன். அவங்க எழுதாம விட்டது எனக்குத் தெரியாது. துணைக் கேள்விக்கு இன்னும் விவரம் கேட்டேன். அதே ரெண்டு வரியைத் திரும்ப அனுப்பினாங்க. நான் பால் குடிக்காதது ஏதோ தெரிஞ்சதால இல்லம்மா. ஒண்ணுமே தெரியாததால."

நான் அதுவரை அவர் எதையோ மறைக்கிறார் என்று நினைத்திருந்தேன். மறைக்கிறார் என்றால்கூட ஒரு தைரியம் இருக்கும். விவரம் தெரிந்த ஒருவர் எங்கோ இருக்கிறார் என்று அர்த்தம். அன்றைக்கு வந்த பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அம்மா படியைவிட்டு விலகி அவருக்கு வழிவிட்டாள். "ஏட்டி, என் ஆபீசுக்கு லீவு சொல்லு" என்றாள் என்னிடம்.

வெறுமனே போய்க் கூப்பிட்டால் அனுப்ப மாட்டார்கள் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. போகிற வழியில் கண்ணாடி வளையல் வாங்கினாள். மஞ்சள், குங்குமம், பூ வாங்கினாள். வளைகாப்புப் போட்டால் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வரலாம். யாரும் ஒன்றும் கேட்க முடியாது. ஐந்தாம் மாதத்தில் யாராவது வளைகாப்புப் போடுவார்களா? ஏழாம் மாதம் போடுவதுதான் எங்கள் வழக்கம். அங்கே வழக்கம் தெரிந்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள் என்று அம்மா கணக்குப் போட்டாள்.

அந்தக் காலனியைப் பார்த்து நான் ஏமாந்துபோனேன். காகிதப் பூ பூத்துக் கிடந்தது. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். அக்கா முன்னைவிடப் பூரிப்பாக இருந்தாள். அத்தான்தான் எங்களைக் கண்டதும் முகம் கறுத்தார்.

"இப்பப் போய் இவளை அனுப்பினா எல்லாரும் என்ன நினைப்பாங்க அத்தை? பயந்து ஓடறோம்னு பேராயிரும். யாருமே போகல."

"ஆரு ஓடுதா? எம்பொண்ணுக்கு வளகாப்பு. அதுக்கும் உங்க ஆபீசுல கையெழுத்து வாங்கணுமா?"

அத்தான் உள்ளே போய் அக்காவின் பெட்டியை அவரே இறக்கிவைத்தார். அவருக்கும் பயம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அக்காவுக்கு வளையல் போட்டார்கள். எல்லோரும் வடக்கத்திப் பெண்கள். சிரித்தார்கள், பாடினார்கள், சித்திரான்னம் தின்றார்கள். எல்லோரும் போனபின் ஒருத்தி மட்டும் கதவோரம் நின்றாள். அவளும் பிள்ளைத்தாச்சிதான். அம்மாவின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் கேட்டாள்.

"ஆன்ட்டி, எங்க வழக்கத்துல முதல் பிரசவம் மாமியார் வீட்டுலதான். மாமியார் என்கூட இங்கேயே இருக்காங்க. நான் எதைச் சொல்லிட்டுப் போறது?"

அம்மாவுக்கு இந்தி தெரியும். பதில் தெரியவில்லை. அவள் கைக்கு மீதியிருந்த வளையல்களைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது அம்மா அழுததை அக்கா தன்னை நினைத்து என்று எடுத்துக்கொண்டாள்.

அக்காவுக்குப் பையன் பிறந்தான். நன்றாக இருக்கிறான், வேலைக்கும் போகிறான். கேட்கும்வரை காத்திராமல் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு மாமாவின் சுபாவம் வராது. ஆனால் அவன் நன்றாக இருப்பதால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமா? இன்று வரைக்கும் தெரியாது. அவனுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தால்கூட அக்கா இரண்டு டாக்டரைப் பார்க்கிறாள். அந்த இன்னொருத்திக்கு என்ன ஆயிற்று என்றும் தெரியாது. அவள் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் சொல்ல வந்தது நாங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு தில்லி வந்து சேர்ந்த சாயங்காலத்தை. அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கை நிறைய வளையல். மாமா வந்து எங்கள் வாசலில் நின்றார். அத்தனை வருஷத்தில் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. எது பேசினாலும் படியில் நின்றுதான் பேசுவார்.

"அங்க என்னம்மா ஆச்சு?" என்றார்.

அவர் ஒருவரைக் கேள்வி கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அக்கா சிரித்தாள். "ஒண்ணும் ஆகல மாமா. அம்மாதான் சும்மா பதறுதா. மொதல்ல எங்களுக்கும் பயமாத்தான் இருந்துது. ரெண்டு வீட்டுல சாமானெல்லாம் கட்டிட்டாங்க. அப்பறம் பார்லிமென்ட்ல மந்திரி சொன்ன பதில எங்க நோட்டீஸ் போர்டுல ஒட்டினாங்க. ஒண்ணுமே வெளிய வரலன்னு போட்டிருந்துது. தில்லியிலயே சொல்லிட்டாங்களேன்னு எல்லாரும் சாமானத் திரும்பப் பிரிச்சுட்டாங்க."

அந்தப் பதிலை எழுதியவர்தான் எதிரே நிற்கிறார் என்பது அக்காவுக்கு உறைக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நாற்காலி இருந்தது. அவர் அதில் உட்காராமல், கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபின்னும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்தார், எடுத்தார்.

"கரன்ட் போனதுல இருந்து சொல்லும்மா" என்றார். "உன் கண்ணால பார்த்ததெல்லாம் சொல்லு. நான் கேக்காததையும் சொல்லு."